புது ஊட்டிக்கு வந்த பச்சை வளையல்

"கொலை கேஸா மேடம்?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. அந்த ஃபேனை நீ நிறுத்தலைன்னா ஆகிடும்" என்றார் காந்திமதி.

கடகடவென்று அடித்துக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தினேன். குன்றத்தூர் மலையடிவாரத்தில், அரிசி மண்டிக்கு மாடியில் இருக்கிறது எங்கள் துப்பறியும் நிலையம். காந்திமதி மேடம் பல வருடம் டெலிஃபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவர். அதில் பாதிக்கு மேல் பொய் என்று தெரிந்ததும், வேலையை விட்டுவிட்டு இந்த நிலையத்தைத் திறந்தார். நான் நடேசன், அவருடைய உதவியாளன். ஸ்கூட்டர் ஓட்டுவது, டீ வாங்குவது, யாரும் கேட்காதபோது கருத்துச் சொல்வது என் வேலைகள்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் காக்கிச் சட்டை போட்டிருந்தார். வாட்ச்மேன் தொப்பி மடியில் இருந்தது. பெயர் எல்லப்பன். வயது அறுபதை ஒட்டி இருக்கும்.

"எம் புள்ளைய காணோம்மா" என்றார்.

"எப்பலேருந்து?"

"பதினஞ்சு வருசமா."

"கொஞ்சம் லேட்டா வந்துட்டீங்களே" என்றேன். மேடம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

எல்லப்பன் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் கதையைப் பல வாசல்களில் சொல்லிப் பழகியவர் போல, அவசரமில்லாமல் ஆரம்பித்தார்.

"எம் பொஞ்சாதி ரெண்டாவது புள்ளைய வயித்துல வச்சுக்கினே செத்துப் பூட்டா. அப்டிப் போனவளுக்கு எங்க பக்கம் கல்லு வைப்பாங்கம்மா. சுமைதாங்கிக் கல்லு. ரெண்டு கல்ல நட்டு, மேல ஒரு நீளக் கல்ல போடுவோம். அவ எறக்கி வைக்காத சுமைய, வழில போறவன் எறக்கி வைக்கட்டும்னு. பிள்ளைப்பாக்கம் தாண்டி, ரோட்டோரமா, அவ அப்பா குடுத்த நெலத்துலயே வச்சேன். அப்பால பஸ்காரங்களே அங்க நிறுத்தி 'சுமைதாங்கி, சுமைதாங்கி'ன்னு கூவ ஆரம்பிச்சாங்க. அந்த எடத்துக்குப் பேரே அவளால வந்தது."

"பையன்?"

"ரகுபதி. அஞ்சு வயசு. தெனம் தூக்கி அந்தக் கல்லு மேல உக்கார வைப்பேன். வாதாங்கொட்டைய ஒடைச்சு ஒடைச்சு, கல்லோட ஒரு ஓரத்துல குழியே பண்ணிட்டான். ஸ்ரீபெரும்புதூர் தேருக்குத் தோள்ல வச்சுக்கினு போனேன். வடம் புடிக்கலாம்னு ஒரு நிமிசம் எறக்கி வுட்டேன். அவ்ளோதான்."

கீழே மண்டியில் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப எதுக்கு வந்தீங்க ஐயா?" என்று மேடம் மெதுவாகக் கேட்டார்.

"போன மாசம் ஒரு ஞாயித்துக்கெழம, யாரோ ஒரு பையன் பஸ் ஸ்டாண்டுல வந்து 'சுமைதாங்கிக்கு எப்டிப் போவணும், எங்கம்மா கல்லு கீது அங்க'ன்னு கேட்டானாம். டீக்கடையில பேசிக்கினாங்க. எம் புள்ளதாம்மா! வேற யாரு? ஆனா வூட்டுக்கு வரல. பஸ் ஸ்டாண்டுக்கும் எம் வூட்டுக்கும் நடுவுல யாரோ இன்னாவோ பண்ணிட்டாங்க."

"யார் மேல சந்தேகம்?"

"முனிரத்தினம். நெலத்த வாங்கி பிளாட்டு போட்ட புரோக்கரு. இப்ப எனக்கு மொதலாளியும் அவருதான். அது எம் பொஞ்சாதி சொத்து. புள்ள வந்தா அவனுக்கும் பங்கு கீதில்ல? புள்ள கெடைக்க மாட்டான்னு நெனச்சு நான் மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"அவர் லேஅவுட்லதான வாட்ச்மேனா இருக்கீங்க? அந்தப் பையன் ஒருவேளை நேரா அங்க வந்திருந்தா?"

எல்லப்பன் நிமிர்ந்தார். அந்த நேரத்தில் மட்டும் அவர் குரலில் ஒரு கர்வம் இருந்தது.

"வந்தா எனக்குத் தெரியாதா? ஆயிரம் பேரு நடுவுல நின்னாலும் எம் புள்ளைய கண்டுபுடிச்சிருவேன்."

•

1986-ல் எங்கள் பக்கத்தில் நிலத்துக்குப் பிடித்த பைத்தியம் கொஞ்சநஞ்சமல்ல. தொழிற்சாலைகள் வருகின்றன, இன்னும் வரப்போகின்றன என்று பேச்சு. நேற்றுவரை கேழ்வரகு விளைந்த இடத்தில் இன்று வெள்ளையடித்த கற்கள் முளைத்திருந்தன. நிலத்தை விற்பதற்கு முன்னால் அதன் பெயரை மாற்றிவிடுவார்கள். ஸ்கூட்டரில் போகும்போது வழிநெடுகப் பலகைகளைப் படித்துக்கொண்டே போனேன்.

"மேடம், பேய்க்குளம் இப்ப 'லேக் வியூ' ஆயிடுச்சு. சுடுகாட்டுப் பாதைக்கு 'சாந்தி அவென்யூ'ன்னு வச்சிருக்கான். ஒரு விதத்துல சரிதான், அங்க போனவங்க எல்லாரும் சாந்தியாத்தான் இருக்காங்க."

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"எனக்கும் ஒரு புதுப் பேர் வைங்க மேடம். நடேசன்னா பொண்ணு குடுக்க மாட்டேங்கிறாங்க. 'நடேஷ் கார்டன்ஸ்'னு வச்சா ஒருவேளை…"

மேடம் சிரிக்கவில்லை. ஆனால் என் முதுகில் ஒரு தட்டு விழுந்தது. அவரிடம் அது சிரிப்புக்குச் சமம்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டில் டீக்கடைக்காரரைப் பிடித்தோம். அவர் அந்தப் பையனைப் பார்த்ததே இல்லை. "பக்கத்து வளையல் கடை சந்திரம்மா சொல்லிச்சு, நான் எல்லப்பன்கிட்ட சொன்னேன்" என்று கை கழுவினார்.

சந்திரம்மாள் வளையல் சரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தாள். கேட்டதும் பேச்சைக் கொட்டினாள்.

"நல்லா ஞாபகம் கீது. பேண்ட்டு, கட்டம் போட்ட சட்டை. தமிழ் பேசுனா நடுவுல தெலுங்கு வருது. சின்ன வயசுல தேர்க் கூட்டத்துல தொலைஞ்சு, யாரோ லாரில ஏத்திக்கினு போயிட்டாங்களாம். சித்தூர் பக்கம் லாரிக்காரங்க சாப்புடுற ஓட்டல்ல வளந்தானாம். ஊருப் பேரு மட்டும் ஞாபகம் இருந்துச்சாம், அந்த ஊரு எங்க கீதுன்னு யாருக்கும் தெரியலையாம். இப்ப ஒரு லாரிக்காரன் சொன்னானாம், இந்தப் பக்கம் சுமைதாங்கின்னு ஒரு ஸ்டாப்பு இருந்துச்சுன்னு."

"அப்பா பேரைச் சொல்லிக் கேக்க வேண்டியதுதான?" என்றேன்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'அப்பாவ அப்பான்னுதான்க்கா கூப்டுவேன், பேரு தெரியாதே'ன்னான்." சந்திரம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்பறம் பச்சைக் கண்ணாடி வளையல் குடுங்கன்னான். யாருக்குன்னேன். 'எங்கம்மாவுக்கு வளைகாப்புப் போடறதுக்குள்ள செத்துட்டாங்களாம், கல்லுக்காச்சும் போடணும்'னான். குங்குமமும் வச்சு, நாந்தான் பேப்பர்ல சுத்தி நூல் கட்டிக் குடுத்தேன்."

"எந்த பஸ்ல ஏறினான்?"

"பஸ் எதுக்கு? முனிரத்தினம் வேன் நின்னுக்கினு இருந்துச்சு. ஞாயித்துக்கெழமைல பிளாட்டு பாக்கறவங்கள சும்மாவே இட்டுக்கினு போவாங்க. அங்கதான் போவுது, ஏறிக்கன்னு நாந்தான் அனுப்பி வச்சேன்."

மேடமும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பையன் ஏறியது முனிரத்தினத்தின் வேன்.

•

முனிரத்தினத்தின் லேஅவுட்டுக்கு முன்னால், பஸ் ஸ்டாப்பில் 'புது ஊட்டி' என்று பச்சைப் பெயிண்டில் பெரிய பலகை. கீழே மலை, மேகம், ஒரு மான். கண்ணுக்கெட்டிய தூரம் வரை மலையும் இல்லை, மேகமும் இல்லை. மத்தியான வெயிலில் மான் மட்டும் பரிதாபமாக எங்களைப் பார்த்தது.

"ஊட்டிக்கு ஸ்வெட்டர் கொண்டு வரலையே மேடம்" என்றேன்.

வாசலில் நின்ற எல்லப்பன் எங்களைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாமல் சலாம் வைத்தார். மேடம் அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார். ஆபீஸ் கதவைத் திறந்துவிடப் போன எல்லப்பன், படியில் கால் வைக்காமல் பக்கவாட்டில் மண்ணிலிருந்து எட்டித் திண்டு மேல் ஏறினார். நான் நேராகப் படியை மிதித்து ஏறினேன். மேடம் ஒரு நொடி நின்று படியைப் பார்த்தார். ஒரே நீளக் கருங்கல். இடது ஓரத்தில் மட்டும் ஒரு குரோட்டன்ஸ் தொட்டி.

முனிரத்தினம் சஃபாரி சூட்டில் சென்ட் மணக்க வரவேற்றார்.

"வாங்க வாங்க! ஊட்டி காத்து எப்படி இருக்கு?"

"வேர்க்குது" என்றேன்.

"இந்த இடத்துக்குப் பழைய பேர் என்ன?" என்று மேடம் கேட்டார்.

"பழைய பேரா? வெறும் பொட்டல்ங்க. பேரே கிடையாது."

"சுமைதாங்கின்னு சொன்னாங்களே?"

முனிரத்தினத்தின் சிரிப்பு பாதியில் நின்றது. "யாரு சொன்னா? புள்ளத்தாச்சி செத்த இடம், ராசியில்லன்னு போட்டிக்காரங்க கெளப்பி விடறாங்க. வாட்ச்மேனையே கேட்டுப் பாருங்க, இந்த ஊர்க்காரர்தான்."

"போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை உங்க வேன்ல ஒரு பையன் வந்தான். தெலுங்கு கலந்து பேசுவான். அவன் எங்க?"

"எத்தனையோ பேர் வர்றாங்க."

"வந்தவங்க எல்லாரும் வேன்ல திரும்பினாங்களா?"

முனிரத்தினம் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். "ஒருத்தன் வரலன்னு டிரைவர் சொன்னான். பஸ்ல போயிருப்பான். அதுக்கு நான் என்ன பண்றது? நீங்க யாரு முதல்ல?"

"அந்தப் பையன் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க! சத்தியமா தெரியாது!"

டெலிஃபோன் எக்ஸ்சேஞ்ச் காது மேடத்துடையது; பொய் எது, நிஜம் எது என்று குரலிலேயே தெரிந்துவிடும். வெளியே வந்ததும், "அந்தாள் பிளாட் விக்காம போயிடுமேன்னு பயப்படறான் நடேசா. பையனுக்குப் பயப்படல. அவன் யாருன்னே தெரியாது இவனுக்கு" என்றார்.

"அப்ப கொலை இல்லையா?" என்றேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அந்த சஃபாரி சூட்டுக்கு விலங்கு நன்றாகப் பொருந்தும் என்று நினைத்திருந்தேன்.

மேடம் படி ஓரத்தில் குனிந்தார். தொட்டியின் அடியில், கல் மேல் வெள்ளையாக ஒரு வளைந்த கீறல். கனமான எதையோ இழுத்துத் திரும்ப வைத்த தடம். இரண்டு கையாலும் தொட்டியை நகர்த்தினார்.

அடியில் ஒரு குழி இருந்தது. வாதாங்கொட்டை வைத்தால் அசையாமல் உட்காரும் அளவு. குழிக்குள்ளே, கலையாமல், சிவப்பாகக் குங்குமம்.

நான் அந்தப் படியை மிதித்து ஏறியது ஞாபகம் வந்தது. செருப்புக்காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் மண்ணில் இறங்கி நின்றேன்.

"இந்தத் தொட்டிய யாரு வச்சது ஐயா?" என்று மேடம் கேட்டார்.

எல்லப்பன் கிட்டே வந்து தணிந்த குரலில் சொன்னார். "நாந்தாம்மா. கல்ல ஒடைச்சு ஜல்லியாக்கறேன்னாரு மொதலாளி. காலப் புடிச்சுக் கேட்டுப் படியா போட வச்சேன். அந்தக் குழி மட்டும் மிதிபடக் கூடாதுன்னு தொட்டிய வச்சேன். அதுக்கப்பறம் அத நகத்தவேயில்ல. தண்ணி ஊத்துறதோட சரி."

அவர் நின்ற இடத்திலிருந்து குழியின் உள்ளே தெரியாது. மேடம் தொட்டியை மெதுவாகப் பழைய இடத்துக்கே தள்ளினார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஏன் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

"உங்க ஷெட்டைப் பார்க்கலாமா?"

காவல் ஷெட்டில் ஒரு பாய், ஒரு பானை. சுவரில் வரிசையாக ஆணிகள். பிளாட் பார்க்க வந்தவர்கள் மறந்துவிட்டுப் போனவை ஒவ்வொன்றாகத் தொங்கின. ஒரு குடை, ஒரு டிஃபன் கேரியர், ஒற்றைக் குழந்தைச் செருப்பு. கடைசி ஆணியில் பச்சைக் கண்ணாடி வளையல்கள், சிவப்பு நூலில் கோத்து.

எனக்குப் புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

"இது எங்க கிடைச்சது ஐயா?"

"படி மேலம்மா. அந்தத் தொட்டி ஓரமா. ஒரு ஞாயித்துக்கெழம எல்லாரும் போனப்பறம் பாத்தேன். கொழந்தைங்க வெளையாடிட்டு வுட்டுட்டுப் போயிருக்கும். கேட்டு வந்தா குடுக்கலாம்னு கோத்து மாட்டி வச்சேன்."

"பொட்டலமா இருந்துதா?"

"இல்ல. பிரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா வட்டமா அடுக்கி இருந்துச்சு."

மறந்துவிட்டுப் போகிறவன் நூலைப் பிரித்து அடுக்கிவைத்துவிட்டுப் போக மாட்டான். மேடம் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு எல்லப்பனிடம் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"ஐயா, இங்க வர்றவங்க இந்த இடத்தைப் பத்தி உங்ககிட்ட என்ன கேப்பாங்க?"

"எல்லாரும் அதயேதாம்மா கேப்பாங்க. வெளில எதனா கேள்விப்பட்டுக்கினு வந்து, 'இங்க சுமைதாங்கிக் கல்லு இருந்துச்சாமே'ன்னு நம்ம வாயக் கிண்டுவாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

பள்ளிக்கூடப் பாடம் போல வந்தது பதில். "அப்டி ஒரு கல்லே இங்க கெடையாதுங்க. அந்தப் பேருல ஊரும் இல்ல. இது புது ஊட்டி. நான் பொறந்து வளந்த எடம், எனக்குத் தெரியாதா." சொல்லி முடித்துவிட்டுத் தலை குனிந்தார். "மொதலாளி சொல்லிக் குடுத்தது. மொத தபா சொன்னப்ப நாக்கு கூசிச்சு. அவ கல்ல நானே இல்லன்றேனேன்னு. அப்பால பழகிப் போச்சு. யாரு கேக்கறான்னுகூடப் பாக்கறதில்ல, வாய் பாட்டுக்கு சொல்லிரும்."

"கட்டம் போட்ட சட்டை, பேண்ட். தெலுங்கு கலந்து பேசுற பையன். அவனும் கேட்டானா ஐயா?"

எல்லப்பனின் கண் மேடத்தை விட்டு ஆணியில் இருந்த வளையலுக்குப் போய், அங்கேயே நின்றது.

"அந்தத் தொட்டிக்கடியில, குழியில குங்குமம் வச்சிருக்கு ஐயா" என்றார் மேடம். அவர் குரல் உடைந்திருந்தது. "குழி இருக்கறது தெரிஞ்சவன்தான் தொட்டியை நகர்த்தியிருக்க முடியும்."

"கேட்டான்" என்றார் எல்லப்பன். "வேன்லேருந்து எறங்கி நேரா எங்கிட்ட வந்தான். பிளாட்டு வாங்க வந்தவன்னு நெனச்சேன். 'இங்க ஒரு கல்லு இருக்குமே'ன்னான். இல்லன்னேன். 'நல்லா நெனச்சுப் பாருங்க'ன்னு கெஞ்சுனான். அப்பயும் இல்லன்னேன். கொஞ்ச நேரம் அந்தப் படியிலதான் உக்காந்துக்கினு இருந்தான். கையால கல்லத் தடவிக்கினே இருந்தான். நான் அடுத்த வண்டிக்கு வாசல் கதவத் தொறக்கப் போயிட்டேன்."

அவர் ஆணியிலிருந்து வளையல்களை எடுத்தார். அவை ஒன்றோடொன்று உரசிச் சத்தம் போட்டன.

"அப்டின்னா அவனுக்குக் கல்லு கெடைச்சிருச்சு. அத ஜனங்க செருப்போட மிதிக்கிறத பாத்துட்டுப் போயிருக்கான். நம்ம ஆளுங்க யாருமே இல்லன்னு நெனச்சுக்கினு போயிருப்பான்."

"அவனுக்கு உங்களை அடையாளம் தெரியல ஐயா. சின்னப் பிள்ளையில தொலைஞ்சவன்."

"அவனுக்குத் தெரிய வாணாம்மா. எனக்குத் தெரிஞ்சிருக்கணுமில்ல?" என்றார். பிறகு, சொல்லவே கூடாத ஒன்றைச் சொல்வது போல, "என்னப் பெரியவரேன்னு கூப்ட்டாம்மா" என்று சொல்லி, பாயில் உட்கார்ந்து, தொப்பியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கவில்லை. எத்தனையோ கேஸில் குற்றவாளி பிடிபடும்போது கைதட்டியிருக்கிறேன். இந்தக் கேஸில் பிடித்துக் கொடுக்க யாரும் இல்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல மட்டும் இருந்தது. அந்த நேரம் பார்த்து முனிரத்தினம் எட்டிப் பார்த்து, "வாட்ச்மேன், பார்ட்டி வர்ற நேரம். வாசல்ல நில்லு" என்றார்.

எல்லப்பன் எழுந்தார். தொப்பியைக் கொண்டுபோய் ஆபீஸ் மேஜை மேல் வைத்தார். வளையல்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"சித்தூர் ரோட்டுல லாரிக்காரங்க சாப்பிடற ஓட்டல் எத்தனை இருக்கும் நடேசா?" என்று மேடம் கேட்டார்.

"நிறைய இருக்கும் மேடம்."

"எல்லாத்துலயும் ஏறி இறங்கறோம். நாளைக்கே."

"இன்னைக்கே போலாம் மேடம்" என்றேன். நான் கேலி இல்லாமல் பேசியது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

எல்லப்பனையும் அழைத்துக்கொண்டு போகலாம் என்று பஸ் ஸ்டாப்புக்கு வந்தோம். அவர் மான் படம் போட்ட பலகைக்குக் கீழே நின்றிருந்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பஸ் வந்து நின்றது.

"புது ஊட்டி! புது ஊட்டில்லாம் எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார்.

"சுமைதாங்கி!" என்று எல்லப்பன் கத்தினார். பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இது சுமைதாங்கி! கல்லு இங்கதான் கீது!"

அவர் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. என் தொண்டை பெரியது. அதற்காக நிறையத் திட்டு வாங்கியிருக்கிறேன். படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நானும் கத்தினேன். "சுமைதாங்கி! சுமைதாங்கில்லாம் எறங்கு!"

ஒரே ஒருவன் இறங்கினான். பேண்ட் போட்ட இளைஞன், கையில் பிளாட் விளம்பர நோட்டீஸ். ஆயிரம் பேர் நடுவில் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொன்ன மனிதர் அவன் முகத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தார். தெரியவில்லை. பார்த்ததுமே அடையாளம் கண்டுவிடுவோம் என்ற நம்பிக்கை அவருக்குப் போய்விட்டது. பையிலிருந்து வளையல்களை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"தம்பி, உங்கம்மாவுக்கு எங்கனா கல்லு கீதா?" என்று கேட்டார்.